வாடிய முகம் கண்டால்...

 

 

ஹஜ்ரத் அனஸ் (ரலி) அவர்களுக்கு ஒரு சின்னத் தம்பி இருந்தார். அபூ உமைர் என்று அழைப்பார்கள். ஒரு சிறு குருவியை வைத்து விளையாடி வந்தார். ஒரு நாள் நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வீட்டுக்கு வந்தபோது பிள்ளையின் முகம் வாடியிருந்தது. இவருக்கு என்ன நேர்ந்தது என்று விசாரித்தார்கள். குருவி இறந்துவிட்டது என்றார்கள் வீட்டார். உடனே பெரியவர்களை அழைப்பது போல அவரைப் பெயர் சொல்லி அழைத்து, குருவிக்கு என்ன ஆயிற்று என்று பரிவோடு கேட்டார்கள்.

உம்மத்தின் பாரம் முழுவதையும் சுமந்தவர்கள், ஒரு குழந்தையின் வாட்டத்தைக் கண்டார்கள், கேட்டார்கள், அற்பமென்று தள்ளவில்லை. ஆகவே, வாடிய முகத்தைக் கண்டு விசாரிப்பதும் சுன்னத்தேயாகும்.

இந்தச் சுன்னத்தைத்தான் நாட்டின் உச்ச நீதிமன்றம் இன்று ஒழுங்குமுறையாக ஆக்கியிருக்கிறது. 2023ல் விசாகப்பட்டினத்தில் மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படித்துவந்த 17 வயது மாணவி ஒருவர் இறந்துபோனார். அந்த வழக்கில் 2025 ஜூலை 25 அன்று வந்த தீர்ப்பு, பள்ளிக்கூடம், கல்லூரி, விடுதி, பயிற்சி நிலையம் எல்லாவற்றுக்கும் கட்டளையிட்டது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள இடங்களில் மனநல ஆலோசகர் ஒருவர் இருக்க வேண்டும். ஆசிரியரும் மற்றப் பணியாளரும் ஆண்டுக்கு இருமுறையேனும் பயிற்சி பெற வேண்டும். மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைப் பிரிப்பதும், பலர் முன் அவமானப்படுத்துவதும் கூடாது.

அந்தப் பயிற்சியில் என்ன இருக்கிறது? கலகலப்பாக இருந்த பிள்ளை திடீரென ஒதுங்குவது, உறக்கமும் உணவும் குறைவது, படிப்பில் சட்டெனப் பின்தங்குவது, வாழ்ந்து என்ன பயன் என்று பேசுவது போன்ற அடையாளங்களை அறிந்துகொள்வது. தனியே அழைத்து, குறுக்கிடாமல் கேட்பது. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்பது. அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அடைத்து வைத்த பாரம் இறங்கவே வழி பிறக்கும். ஆபத்து என்று தோன்றினால் பிள்ளையைத் தனியே விடாமல் உரியவர்களிடம் சேர்ப்பது. ஆசிரியர் மருத்துவராக வேண்டியதில்லை. முதலில் காணும் கண்ணாக இருந்தால் போதும்.

ஆசிரியப் பெருமக்களே! தொழுகையின் நடுவே அறியாமல் பேசிவிட்ட முஆவியா இப்னு ஹகம் (ரலி) அவர்களை மற்றவர்கள் முறைத்துப் பார்த்தார்கள். நாயகம் (ஸல்) அவர்களோ அடிக்கவில்லை, ஏசவில்லை. தொழுகை முடிந்ததும் மென்மையாக எடுத்துச் சொன்னார்கள். அப்படி ஓர் ஆசிரியரை முன்னும் பின்னும் கண்டதில்லை என்று அந்த ஸஹாபி மனம் நெகிழ்ந்தார்கள். நம் மதரஸா உஸ்தாதுமார்களும், ஜமாஅத்தார் நடத்தும் பள்ளிக்கூடங்களும் இந்தப் பயிற்சியை முந்திக்கொண்டு பெற வேண்டாமா?

இனி, பெற்றோரே! ஆசிரியர் அழைத்து, "உங்கள் பிள்ளை சரியாக இல்லை, வைத்தியரிடம் காட்டுங்கள்" என்று சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? ஈமான் குறைவு என்கிறோம். கண்ணேறு என்கிறோம். பெண்பிள்ளையாயின், வெளியே தெரிந்தால் நிக்காஹ் தடைபடும் என்று மூடி மறைக்கிறோம். யஃகூப் நபி (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துயரத்தில் கண்கள் வெளுத்துப்போகும் அளவு வருந்தினார்களே! அவர்களின் ஈமானில் குறை காண யாருக்குத் துணிவு வரும்? தற்கொலை ஹராம் என்பதில் ஐயமில்லை. ஆனால், மூழ்குகிறவனுக்கு முதலில் கையைத்தான் நீட்ட வேண்டும். சட்டத்தைக் கரையேறிய பின் சொல்லலாம்.

நம் கோரிப்பாளையத்தைப் பாருங்கள். ஹஜ்ரத் சுல்தான் அலாவுத்தீன், ஹஜ்ரத் சுல்தான் ஷம்சுத்தீன் (ரஹ்) ஆகிய இறைநேசர்கள் அடங்கியுள்ள தர்காவுக்கு மனம் கலங்கியவர்கள் எத்தனையோ பேர் வருகிறார்கள். அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் அரசு இராஜாஜி மருத்துவமனை. அதில் மனநலப் பிரிவும் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்று கற்பித்த நாயகத்தின் உம்மத்துக்கு துஆவும் வேண்டும், மருந்தும் வேண்டும். ஓதிப் பார்த்த பிள்ளையை அந்த வாசலுக்கும் அழைத்துச் செல்லுங்கள். இரவில் வழி தெரியாது தவிப்போர் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இந்த இலவசச் சேவையில் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம்.

இன்று இஷாவுக்குப் பிறகு, மதிப்பெண் பேச்சை ஒதுக்கிவிட்டு, உங்கள் பிள்ளையின் அருகே அமருங்கள். "என்னம்மா, முகம் ஏன் வாடியிருக்கு?" என்று கேளுங்கள். கேட்டபின் நீங்கள் பேசாதிருங்கள், பிள்ளை பேசட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் உள்ளங்களுக்கு ஆறுதலை அளிப்பாயாக! அவர்களின் வாட்டத்தைக் காணும் கண்களை எங்களுக்கும் எங்கள் ஆசிரியர்களுக்கும் தருவாயாக! ஆமீன்.