துளையின் மையம்

கைத்துப்பாக்கியின் பிரேமில் பின் (pin) செருகும் துளை பெரிதாகிவிட்டது என்றதும், அதை எதைக் கொண்டு அடைப்பது என்றுதான் மனம் முதலில் ஓடும். அடைப்பதற்கு வழிகள் உண்டு. துளையின் மையம் எங்கே இருந்திருக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் பாடு.

*

பேச்சு 1911 மாடலைப் பற்றியது. ஜான் பிரௌனிங் வடிவமைத்து, அமெரிக்க ராணுவம் 1911 மார்ச் 29 அன்று ஏற்றுக்கொண்ட துப்பாக்கி. அங்கே உரிமம் பெற்ற கம்மியர்கள் இன்றும் அதை வாடிக்கையாளரின் கைக்கும் விருப்பத்துக்கும் ஏற்ப ஒவ்வொன்றாக இழைத்துக் கொடுக்கிறார்கள்.

பிரேமின் பின்பக்கம் இரண்டு துளைகள். ஹேமருக்கான பின் சுமார் 4 மில்லிமீட்டர். ஹேமரைப் பிடித்து நிறுத்தும் சியருக்கான பின் 3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மையத்துக்கு மையம் 10 மில்லிமீட்டரும் சொச்சமும். ஹேமரின் கொக்கிகளில் சியரின் மூக்கு பிடித்து நிற்பது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். ஆளின் விரல் அழுத்தும்வரை ஹேமர் விழாமல் நிற்பது இந்த அரை மில்லிமீட்டர் பிடியால்தான்.

பின் ஒரு தலைமுடித் தடிமனுக்கு ஆடினால் அந்தப் பிடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கணக்கில்லாமல் போகும். பின் சாய்ந்தால் இரண்டு கொக்கிகளில் ஒன்றுதான் பாரம் சுமக்கும். டிரிக்கர் ஒருமுறை இளகலாகவும் மறுமுறை கனமாகவும் இருக்கும். அதோடு நின்றால் பரவாயில்லை. துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடு முன்னே போகும்போது ஹேமரும் கூடவே இறங்கிவிடலாம். யாரும் அழுத்தாமலே குண்டு வெடிக்கலாம்.

*

துளை கெடுவது பெரும்பாலும் பிறக்கும்போதே. டிரில் பிட் ஓட்டை போடும், ஆனால் சுத்த வட்டமாகப் போடாது. உற்றுப் பார்த்தால் லேசாக மூன்று மூலை தட்டியிருக்கும். அதனால்தான் அளவுக்குக் கொஞ்சம் குறைத்து டிரில் செய்து, மிச்சத்தை, துளையை வட்டமாகச் சீவும் ரீமரால் எடுப்பது. இந்தப் பிரேமில் இன்னொரு தொல்லை: ஹேமர் உட்காரும் இடைவெளியின் இரு பக்கமும் இரண்டு சுவர்கள். பிட் ஒரு சுவரைத் துளைத்து, வெற்றிடத்தைத் தாண்டி, பிடிமானமில்லாமல் மறு சுவரில் போய் முட்டுகிறது. அங்கேதான் வழுக்கி விலகும். ஆகவே, பெரும்பாலும் ஒரு சுவர் நன்றாக இருக்க, மற்றது மட்டும் கெட்டிருக்கும். இது நல்ல செய்தி.

அலுமினியப் பிரேம் வேறு கதை. இரும்புப் பின் இடித்து இடித்து, நாளடைவில் துளை ஓவலாகிவிடும்.

*

கொஞ்சம் தடித்த பின் போட்டுவிடலாமே என்பார்கள். போடலாம். ஆனால் ஹேமரின் துளையையும் பெரிதாக்க வேண்டும். சியர் பின் என்றால் அதே பின்னில்தான் டிஸ்கனெக்டர் என்ற பாகமும் உட்கார்ந்திருக்கிறது. அதையும் தொட வேண்டும். அதன்பின் அந்தத் துப்பாக்கிக்குக் கடையில் விற்கும் எந்தப் பாகமும் சேராது. இரண்டாம் உலகப் போரில் தையல் மெஷின் கம்பெனியான சிங்கர் இந்தத் துப்பாக்கியில் 500 செய்தது. டைப்ரைட்டர் செய்த ரெமிங்டன் ராண்ட் எட்டு லட்சத்துக்கு மேல் செய்தது. எல்லோரும் ஒரே வரைபடத்துக்குத் துளை போட்டார்கள். அந்த ஒழுங்கைக் கைவிடுவதற்கு ஒரு தடித்த பின் போதும் என்பது எனக்கு உறுத்தல்.

இடது சுவர் மட்டும் கெட்டிருந்தால் படிவைத்த பின் கடைந்து போடலாம்: தலைப்பக்கம் தடிமன், மற்ற நீளம் பழைய அளவு. பின் இடப்பக்கமிருந்தே நுழைவதால் இது நடக்கும். வலது சுவர் கெட்டால் நடக்காது.

வெல்டிங் வைத்து அடைத்து மறுபடி துளைப்பதும் உண்டு. சூடு பட்ட இடத்தில் இரும்பின் கடினம் மாறும், சுவர் கோணவும் கோணும். பதப்படுத்திய அலுமினியமோ இளகிவிடும். கைதேர்ந்தவர் செய்தால் பார்க்கலாம்.

*

எனக்குப் பிடித்தது துளைக்குள் புஷ் என்ற சிறு குழாயை இறுக்கிப் போடுவது. கோயம்புத்தூர் பம்ப் பட்டறைகளில் தேய்ந்த துளைக்குச் செய்கிற அதே வேலைதான்.

கெட்ட துளைக்குள் ரீமரை விட்டால் அது பழைய துளையின் தடத்திலேயே போகும். தவறு அளவில் பெருத்து, அதே இடத்தில் இருக்கும். ஆகவே மில்லிங் மெஷினில் பிரேமை இறுக்கி, நல்ல சுவரின் துளையில் அளவான கேஜ் பின்னைச் செருகி, முள் வைத்த டயல் கேஜை அதைச் சுற்ற வைத்து மையத்தைப் பிடிக்க வேண்டும். நேரம் முழுவதும் இதில்தான் போகும். முள் அசையாமல் நின்ற பிறகு, விறைப்பான போரிங் பாரால் கெட்ட துளையைப் பெரிதாக்க வேண்டும். அது பழைய தடத்தை மதிக்காது. ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் சொற்பமாகவும் சீவும். அந்த ஏற்றத்தாழ்வே துளை எவ்வளவு விலகியிருந்தது என்பதற்குச் சாட்சி. பிறகு லேத்தில் கடைந்த மெல்லிய எஃகுப் புஷ், இறுக்கமாக. அதன் உள்துளை சற்றுச் சிறியது. கடைசியில் ஒரே ஓட்டமாக இரண்டு சுவருக்கும் ரீமர்.

*

வேலை முடிந்து கறுப்பு வண்ணம் ஏற்றினாலும் புஷ் தனி எஃகு என்பதால் நிறம் கொஞ்சம் வேறாக வரும். இடப்பக்கமானால் சேஃப்டி தகடு மறைத்துவிடும். வலப்பக்கம் மெல்லிய வளையமாகத் தெரியும். அதை மறைக்கச் சொல்லிக் கேட்கும் வாடிக்கையாளர்கள் உண்டு. நானாக இருந்தால் அப்படியே விடச் சொல்வேன். அடுத்து இதைப் பிரிக்கிற கம்மியர் எங்கே கை வைக்கப்பட்டது என்று தேட வேண்டியிருக்காது.