கரணை ஏந்திய கை

விருதுநகரில் புரட்டாசி மாதத்தின் கடைசி ஞாயிறு. மழைக்காலம் வாயிற்படியில் வந்து நிற்கிறது. தம் வீட்டு மொட்டைமாடியில் குந்தியிருக்கிறார் நண்பர். ஆறு நாட்கள் அலுவலகத்தில் எழுதுகோல் பிடிக்கும் கை, அன்று கரணை பிடித்திருந்தது. கைப்பிடிச் சுவர் தளத்தைத் தொடும் இடத்தில் நீண்டதொரு விரிசல். சென்ற ஆண்டு அதன் வழியே இறங்கிய மழைநீர், கூடத்துச் சுவரில் பாசி படரச் செய்து, பிள்ளைகளின் புத்தகங்களையும் நனைத்துப் போட்டது. அந்த ஒழுக்கை அடைக்கத்தான் ஏறியிருந்தார்.

தெருவோடு போனவர் ஒருவர் அண்ணாந்து பார்த்தார்.

"என்ன அய்யா, கொத்தனார் எவரும் கிடைக்கவில்லையா?"

"கிடைப்பார். நானே பார்க்கலாம் என்று ஏறினேன்."

"உங்களுக்கு ஏன் இந்த வேலை? படித்தவர்... நாலு பேர் பார்க்கும்படி..."

முடிக்காமலே நடந்தார் அவர். முடிக்க வேண்டிய தேவைதான் ஏது? கேட்டவருக்கும் பொருள் தெரியும், கேட்கப்பட்டவருக்கும் தெரியும். அந்தக் கேள்வியில் இரக்கம் இருந்தது. இரக்கத்துக்குள்ளே ஏளனம் இருந்தது. ஏளனத்துக்குள்ளே பல நூற்றாண்டு வரலாறு இருந்தது!

எண்ணிப் பாருங்கள். அதே நண்பர், அதே மாடியில், நாற்காலி போட்டு அமர்ந்து, கொத்தனாரையும் சித்தாளையும் விரட்டி வேலை வாங்கியிருந்தால், அண்ணாந்து பார்த்தவர் என்ன சொல்லியிருப்பார்? "வீட்டைக் கவனமாகப் பார்த்துக் கொள்கிறாரே!" என்று பாராட்டியிருப்பார். வீடு அதுவே, விரிசல் அதுவே, அடைக்கும் கலவையும் அதுவே. மாறியது கை மட்டும். செய்விக்கும் கைக்குப் பெருமை. செய்யும் கைக்குச் சிறுமை. இந்தக் கணக்கை நமக்குக் கற்றுக் கொடுத்தவர் யார்?

"தன் கையே தனக்கு உதவி" என்று பாட்டி சொன்னாள். பள்ளியில் ஆசிரியரும் சொன்னார். ஆனால் வாயால் பழமொழியைப் போற்றிய நாம், வாழ்க்கையில் வருணத்தைப் போற்றினோம். ஓதுவது ஒருவனுக்கு, ஆள்வது ஒருவனுக்கு, விற்பது ஒருவனுக்கு, உழைப்பது மற்றெல்லோருக்கும் என்று பிறப்பையே வேலைப் பட்டியலாக்கி வைத்தது ஒரு ஏற்பாடு. அதன் விளைவு என்ன? எழுத்தறிந்தவனுக்குச் சுவரைத் தெரியாது. சுவரறிந்தவனுக்கு எழுத்தைக் கற்பிக்கவில்லை. ஒருவன் கை சூம்பிற்று. மற்றொருவன் அறிவு ஒடுக்கப்பட்டது. ஏற்றம் பெற்றதாக எண்ணிக்கொண்டவனும் ஊனமுற்றவனே!

ஆகவே, தன் வீட்டுப் பழுதைத் தானே பார்ப்பது என்பது சில்லறைச் சிக்கனம் பற்றிய செய்தியன்று. மனிதன் மனிதனை எப்படி மதிக்கிறான் என்பது பற்றிய செய்தி. ஆனால் இப்படிச் சொன்னவுடன் இரண்டு மறுப்புகள் எழும். இரண்டும் புறந்தள்ளத் தக்கவையல்ல.

முதல் மறுப்பு: வீட்டுக்காரனே கரணை பிடித்துவிட்டால், கொத்தனாரின் பிழைப்பு என்னாவது? உழைப்பாளியின் கூலியைப் பறிப்பதா உழைப்புக்குத் தரும் மரியாதை?

நண்பரின் மாடிக்கே திரும்புவோம். அன்று அவர் அடைத்தது இரண்டாம் முறை. முதல் முறை, விரிசலில் கலவையை அப்பிவிட்டு இறங்கிவிட்டார். பத்தே நாளில் அது பொருக்குத் தட்டிப் பெயர்ந்தது. பக்கத்துத் தெருவில் வேலை செய்துகொண்டிருந்த முதிய கொத்தனார் ஒருவரை அழைத்துவந்து காட்டினார். பெரியவர் சிரித்தார். "காய்ந்த செங்கல் தாகத்தோடு இருக்கும் அய்யா. நீங்கள் அதற்குத் தண்ணீர் காட்டவில்லை. கலவையில் இருந்த தண்ணீரை அது குடித்துவிட்டது. கலவை எப்படிப் பிடிக்கும்?" என்றார். விரிசலை உளியால் சற்று அகலப்படுத்த வேண்டும். தூசியைத் தட்டி எடுக்க வேண்டும். சுவர் குளிரத் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு சலித்த மணல் சேர்த்து, அழுத்திப் பூசி, மணியாசுக் கட்டையால் தேய்த்து, ஏழு நாட்கள் ஈரச் சாக்கு போர்த்திக் காக்க வேண்டும். பெரியவர் சொன்ன பாடம் இது. பட்டம் பெற்றவர் மாணவராக நின்றார். பள்ளி காணாதவர் ஆசிரியராக அமர்ந்தார்.

அதற்குப் பின் அந்த வீட்டில் நடந்தது என்ன? அடுத்த கோடையில் தளம் முழுவதும் தட்டோடு பதிக்க வேண்டியிருந்தது. அது தம்மால் ஆகாத பெருவேலை என்பதை நண்பர் உணர்ந்திருந்தார். அதே பெரியவரையே அழைத்தார், கேட்ட கூலியைக் கொடுத்தார், பேரம் பேசவில்லை. "முன்பெல்லாம் அரை நாள் வேலைக்கு இவ்வளவா என்று கேட்பேன். அரை நாள் அந்த வெயிலில் குந்தியிருந்த பிறகு அந்தக் கேள்வி வாயில் வரவில்லை" என்றார் என்னிடம். தச்சரின் கூலியை, கொத்தனாரின் கூலியை, குழாய் பழுதுபார்ப்பவரின் கூலியை அடிமாட்டு விலைக்குக் கேட்பவன் யார்? அந்த வேலையை ஒருநாளும் தொட்டறியாதவன்! தொட்டவன் அறிவான், அந்தக் கைக்குள் எத்தனை ஆண்டுக் கல்வி ஒளிந்திருக்கிறது என்பதை. சிறு பழுதைத் தானே பார்ப்பவன் உழைப்பாளியின் போட்டியாளன் அல்லன். உழைப்பின் விலையை அறிந்துகொண்ட சாட்சி.

இரண்டாம் மறுப்பு இன்னும் கூர்மையானது. "கைத்தொழில் கற்றுக்கொள் என்கிறீர்களே, இதைத்தானே குலக்கல்வித் திட்டமும் சொன்னது?" என்று கேட்பார்கள்.

இல்லை! 1953-இல் இராசாசி கொண்டுவந்த அத்திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பிள்ளை பழகட்டும் என்றது. நாடே கொதித்தெழுந்தது. மறு ஆண்டே, இதே விருதுநகரில் பிறந்த காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அன்று எழுந்த எதிர்ப்பு, கரணைக்கு எதிரான எதிர்ப்பா? உளிக்கு எதிரான எதிர்ப்பா? அன்று! கொத்தனார் மகன் கையில் மட்டும் கரணை, வழக்கறிஞர் மகன் கையில் மட்டும் புத்தகம் என்ற ஓரவஞ்சனைக்கு எதிரான எதிர்ப்பு அது. அப்பனின் தொழில் மகனுக்கு விலங்காகக் கூடாது என்றோம். எவன் தொழிலும் எவனும் கற்கலாம் என்பதுதானே அதன் மறுபக்கம்? எழுத்தர் மகன் கரணை பிடிக்கட்டும். கொத்தனார் மகள் கட்டடப் பொறியியல் படிக்கட்டும். இரண்டும் ஒரே விடுதலையின் இரண்டு கதவுகள்.

இதற்குச் சான்று தேடி நாம் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்கள். தீப்பெட்டி செய்யும் தொழில் அவர்களுக்குக் குலத்தொழில் அன்று. பாட்டன் சொத்தும் அன்று. போனார்கள், கற்றார்கள், ஊர் திரும்பினார்கள், தொழில் தொடங்கினார்கள். மழை குறைந்த கரிசல் மண், அந்தத் தொழிலுக்கே ஏற்ற இடமாயிற்று. தீப்பெட்டியிலிருந்து பட்டாசும், பட்டாசிலிருந்து அச்சுத் தொழிலும் கிளைத்தன. பிறப்பு கொடுக்காத தொழிலைப் பயணம் கொடுத்தது, பயிற்சி கொடுத்தது. கைத்திறன் இரத்தத்தில் ஓடுவதில்லை, கற்றால் வருவது என்பதற்கு, வறண்ட நிலத்தில் எழுந்த அந்த ஊரே சான்று.

ஆண்மக்களைப் பற்றியே பேசி வந்தேன். வீட்டுப் பழுதை நெடுங்காலமாகப் பார்த்து வருபவர் யார்? தரை மெழுகியவள், பொங்கலுக்கு முன் சுண்ணாம்பு அடித்தவள், அடுப்பை மண்பூசித் திருத்தியவள் - எல்லாம் பெண்ணே! அதைத் "தொழில்" என்று எவரும் எழுதவில்லை. "வீட்டுவேலை" என்று தள்ளினோம். ஆண் ஒருநாள் கரணை எடுத்தால் வியப்பு. பெண் ஆயுள் முழுவதும் எடுத்தால் இயல்பு! பகலெல்லாம் தீப்பெட்டி ஆலையில் விரல் தேய உழைத்துவிட்டு, மாலையில் வீட்டின் ஓட்டைகளையும் அடைக்கும் பெண்கள் நிறைந்த வட்டாரம் இது. சொட்டும் குழாய்க்கு வாசர் மாற்றவும், ஆடும் கதவுக்குக் கீல் முடுக்கவும் மகளுக்குக் கற்றுக்கொடுப்போம். கூட்டவும் துடைக்கவும் மகனுக்குக் கற்றுக்கொடுப்போம். வேலைக்குச் சாதி இல்லை என்றால், பால் மட்டும் ஏன்?

இவ்வளவு சொன்னதால், எல்லா வேலையையும் எவரும் செய்யலாம் என்று கொண்டுவிடக் கூடாது. தன்கையை நம்பு என்பது, கண்ணை மூடிக்கொண்டு துணி என்பதன்று. இந்தப் பாடத்தையும் சிவகாசி வட்டாரமே நமக்குக் கற்பிக்கிறது. பட்டாசு ஆலையில் மருந்துக் கலவை அறைக்குள் இரும்புக் கருவி கூடாது. நூலாடை உடுத்த வேண்டும். உடலில் தேங்கிய மின்னூட்டத்தை நிலத்தில் இறக்கிவிட்டே உள்ளே நுழைய வேண்டும். அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். ஒவ்வொரு விதியும் ஒரு சாவுக்குப் பின் எழுதப்பட்டது போலிருக்கும். விதியை மறந்தால் என்ன ஆகும்? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் கருகின. ஆலையிலேயே இப்படியென்றால், உரிமமின்றி வீட்டுத் திண்ணையில் மருந்து கலந்து திரி செருகும் கொடுமையை என்னென்பது! பிள்ளை உறங்கும் கூரையின் கீழ் வெடிமருந்து! வறுமை கொண்டுவந்து வைத்தது அது. சட்டம் தடுத்தாலும் வயிறு அழைக்கிறது.

மின்சாரமும் அத்தகையதே. சுவிட்சுக்குப் பின்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியாத பகை. நிலக்கம்பி சரியாக உள்ளதா என்று அறியாதவன், முதன்மை இணைப்பைத் துண்டிக்காமலே திருப்புளியை நீட்டுபவன், துணிந்தவன் அல்லன். தன் வீட்டையே பந்தயம் வைப்பவன். அந்த வேலைக்கு உரிமம் பெற்ற மின்பணியாளர் இருக்கிறார். தன் கை எதுவரை செல்லலாம் என்று அறிவதும் கைத்திறனின் பகுதியே. ஆணவத்தால் வேலையைத் தொடாதவனும் தவறுகிறான். அறியாமையால் எல்லாவற்றையும் தொடுபவனும் தவறுகிறான்.

இங்கேதான் உண்மையான கேள்வி பிறக்கிறது. நான் செய்யத் தெரியாத வேலைக்குத் திறனுடையவரை அழைக்கிறேன், அது சரி. ஆனால் செய்யத் தெரிந்தும், செய்யக் கூசுவதால், அஞ்சுவதால் பிறரை அழைக்கும் வேலை ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் உண்டே, அதற்கு என்ன சொல்வது?

வீட்டின் பின்புறம், கற்பலகை மூடிய கழிவுத் தொட்டி. அது நிறைந்துவிட்டது. வீட்டுக்காரர் யாரை அழைக்கிறார்? குறிப்பிட்ட தெருவிலிருந்து, குறிப்பிட்ட சாதியிலிருந்து ஒருவரை! அவர் அந்த வேலையைக் கற்றவர் என்பதாலா? இல்லை, அந்த வேலைக்கென்றே பிறந்தவர் என்று ஊர் எழுதி வைத்திருப்பதால்! மூடியைத் திறந்ததும் மூக்கைப் பொத்தி விலகுகிறார் வீட்டுக்காரர். நச்சுக்காற்று நிறைந்த குழிக்குள் இறங்குகிறார் மற்றவர். சிலர் ஏறி வருவதில்லை.

1993-லும் 2013-லும் சட்டங்கள் வந்தன. பாதுகாப்பின்றிக் கழிவுத் தொட்டிக்குள் மனிதனை இறக்குவது குற்றம். முதல் குற்றத்துக்கே ஈராண்டுச் சிறை வரை தண்டனை உண்டு. ஆலை முதலாளிக்கு மட்டுமன்று, அழைக்கும் வீட்டுக்காரருக்கும்தான்! குழியில் மாண்டவரின் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் என்று 2014-இல் உச்சநீதிமன்றம் கூறிற்று. 2023-இல் அது முப்பது இலட்சமாயிற்று. இழப்பீடு உயர்ந்தது, இறங்குவது நின்றபாடில்லை. உறிஞ்சும் வண்டி இருக்கிறது, ஊருக்குள் வருகிறது, கட்டணம் சற்றுக் கூடுதல். அந்தக் கூடுதலைக் கொடுக்க மனமில்லாமல் மனிதனை மலிவாக்குகிறோம்.

காமராசர் முதலமைச்சராயிருந்தபோது, விருதுநகரில் அவருடைய தாயார் வாழ்ந்த வீட்டுக்குத் தனியாகக் குடிநீர்க் குழாய் போட்டார்களாம். ஊருக்கெல்லாம் தெருக்குழாய், என் வீட்டுக்கு மட்டும் தனிக்குழாயா என்று கேட்டு அதை எடுக்கச் சொன்னார் என்று ஊரில் சொல்வார்கள். கட்சி எதுவாயினும், அந்தக் கேள்வியை மதிக்கலாம். என் வீட்டின் வசதி எவருடைய தோளின்மேல் நிற்கிறது? எவருடைய பங்கைக் குறைத்து வருகிறது? வீடு கட்டுபவன், வீட்டைத் திருத்துபவன், ஒவ்வொருவனும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது.

ஆகவே, வீட்டு வேலைகளை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். என் கையால் ஆவதை நானே செய்வேன், வெட்கப்பட மாட்டேன். என் திறனுக்கு மேற்பட்டதைத் திறனுடையவர் செய்வார். அவர் கூலியைக் குறைக்க மாட்டேன், அவரை "ஏ" என்றும் "வா" என்றும் அழைக்க மாட்டேன். எந்த மனிதக் கையும் தொடக் கூடாததைப் பொறி செய்யும். அதற்காகும் பணத்தை நான் கொடுப்பேன். இதில் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. நானே இறங்க மறுக்கும் குழியில் பிறனை இறக்க எனக்கு உரிமை இல்லை - அவ்வளவுதான்! ஆனால் இந்த எளிய அறம் வீடுதோறும் குடியேறினால், தெருக்கள் மாறும். தெருக்களின் பெயர்களும் மாறும்.

ஐப்பசியில் அடைமழை வந்தது. நண்பர் வீட்டுக் கூடத்துச் சுவர் நனையவில்லை. பிள்ளைகள் உலர்ந்த புத்தகங்களை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். அன்று தெருவில் நின்று கேட்டவர், குடையை மடக்கிக்கொண்டு வாயிலில் வந்து நின்றார்.

"எங்கள் வீட்டிலும் ஒழுகுகிறது அய்யா. அந்தக் கரணையைச் சற்றுத் தர முடியுமா?"

நண்பர் கரணையைக் கொடுத்தார். "முதலில் சுவருக்குத் தண்ணீர் காட்டுங்கள்" என்றார்.