கனத்த கிளட்சும் கருதலளவையும்

மோட்டார்சைக்கிளின் கிளட்ச் லிவர் பிடிப்பதற்குக் கனமாகவோ, இழுக்கும்போது நறநறப்பாகவோ ஆகிவிட்டால், அதைச் சரிசெய்ய முற்படுபவர் முதலில் எதிர்கொள்வது கருவி சார்ந்த சிக்கலை அன்று, அறிவு சார்ந்த சிக்கலையே. ஏனெனில் கை உணர்வது விளைவை மட்டும், காரணமோ உறைக்குள்ளோ எஞ்சின் மூடிக்குள்ளோ கண்ணுக்கு எட்டாமல் இருக்கிறது. கண்ட விளைவைக் கொண்டு காணாத காரணத்தை ஐயமற அறிய முடியுமா என்னும் கேள்வி இந்தியத் தத்துவ மரபில் நியாயவாதிகளும் உலகாயதரும் நெடுங்காலம் மோதிக்கொண்ட கேள்வி. மணிமேகலையின் 27-ஆம் காதையில், வஞ்சி நகரில் அறிவுக்குரிய வழிகளை வகைப்படுத்தி விளக்கும் அளவைவாதியும், கண்ணால் காண்பதைத் தவிர வேறெந்த வழியையும் ஏற்க மறுக்கும் பூதவாதியும் இந்த இரு கரைகளில் நிற்பவர்களே.

அளவைவாதி கருதலளவையை, அதாவது ஒரு குறியைக் கொண்டு மற்றொன்றை உய்த்துணரும் அனுமானத்தை, பொது, எச்சம், முதல் என மூன்றாகப் பிரிக்கிறார். முகிலைக் கண்டு மழை வரும் என்பது முதல். அங்குக் காரணத்திலிருந்து விளைவு அறியப்படுகிறது. ஆற்றில் வெள்ளம் வருவதைக் கண்டு அதன் தலைப்பக்கத்தில் மழை பெய்திருக்கிறது என்பது எச்சம். அங்கு விளைவிலிருந்து காரணம் அறியப்படுகிறது. லிவரின் கனத்தைக் கொண்டு கேபிளின் கேட்டை அறிவது இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இதே வெள்ளத்தை எடுத்துக்கொண்டுதான் நியாய சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் எதிர்வாதி தம் தடையை எழுப்புகிறார்: கீழே எங்கோ அடைப்பு ஏற்பட்டாலும் ஆற்றில் நீர் உயரும், ஆகவே வெள்ளம் மழைக்குக் குறியாகாது, அனுமானம் என்பதே நம்பத்தக்க வழி அன்று.

இந்தத் தடையை இலேசாக ஒதுக்கிவிட முடியாது என்பதைக் கிளட்ச் கேபிளின் இயற்பியலே காட்டுகிறது. எர்னெஸ்ட் மானிங்டன் பௌடன் 1896-இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பில், சுருளாகச் சுற்றிய எஃகாலான அவுட்டர் என்னும் உறைக்குள், மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்த இன்னர் என்னும் கம்பி ஓடுகிறது. கம்பியை இழுக்கும்போது உறை நெருக்குண்டு அந்த இழுவிசையை எதிர்த்துத் தாங்குவதால்தான், விசையை எத்தனை வளைவுகள் வழியாகவும் கொண்டுசெல்ல முடிகிறது. ஆனால் வளைவு ஒவ்வொன்றும் உராய்வைக் கூட்டுகிறது. ஆய்லர், ஐட்டல்வைன் ஆகியோரின் பெயரால் வழங்கும் கணக்கின்படி, கையின் விசை உராய்வெண்ணையும் மொத்த வளைவுக் கோணத்தையும் பெருக்கிய அளவைப் பொறுத்து அடுக்கேற்றமாக வளர்கிறது. உராய்வெண் 0.1 ஆகவும் மொத்த வளைவு 90 பாகையாகவும் உள்ள கேபிளில், மறுமுனையின் சுமையைப் போல 1.17 மடங்கு விசை தேவை. எண்ணெய் வற்றியோ துருப்பிடித்தோ உராய்வெண் 0.2 ஆனால் தேவை 1.37 மடங்கு; உராய்வெண் மாறாமல், தவறான தடத்தில் பூட்டியதால் வளைவு 180 பாகை ஆனாலும் அதே 1.37 மடங்குதான். இருவேறு காரணங்கள், ஒரே கனம். போதாக்குறைக்கு, கிளட்ச் தகடுகளை நெருக்கும் ஸ்பிரிங் வலுக்கூடியதாக மாற்றப்பட்டிருந்தாலும் அதே கனத்தைக் கை உணரக்கூடும். எதிர்வாதியின் பேச்சு இங்கு எண்களாகவே நிற்கிறது.

நியாய மரபு தந்த விடை, இந்தக் கட்டுரையின் நோக்கில், தத்துவ வரலாற்றின் மிகக் கூர்மையான விடைகளுள் ஒன்று. நீர் உயர்ந்திருக்கிறது என்னும் வெறும் பொதுமையிலிருந்து எவரும் மழையை அனுமானிப்பதில்லை என்கிறார் நியாய சூத்திரத்துக்கு உரை கண்ட வாத்ஸ்யாயனர். நீர் விரைந்து ஓடுவதும், நுரைத்து வருவதும், பழங்களும் இலைகளும் மரத்துண்டுகளும் அடித்து வரப்படுவதும் சேர்ந்த தனித்தன்மை வாய்ந்த வெள்ளமே மழைக்குக் குறி, அடைப்பினால் தேங்கும் நீரில் இவை இரா. அதாவது, பிழை செய்தது அனுமானம் அன்று. குறி அல்லாததைக் குறியாகக் கொண்டவர்தான் பிழை செய்தார். ஐயம் என்பதற்கு நியாய சூத்திரம் தரும் இலக்கணமும் இதனோடு பொருந்துகிறது: இரண்டுக்கும் பொதுவான பண்பு தென்பட, அவற்றை வேறுபடுத்தும் சிறப்புப் பண்பு இன்னும் தென்படாததால், அதை நாடி நிற்கும் சிந்தனையே ஐயம். அறிவின் தோல்வியாக அன்றி, எதைத் தேடவேண்டும் என்று சுட்டும் நிலையாக அங்கு ஐயம் வைக்கப்பட்டிருக்கிறது. நியாய மரபு ஆய்வுக்குரியவையாக வகுத்த பதினாறு பதார்த்தங்களுள் ஒன்றாக அது எண்ணப்பட்டதும் இந்த மதிப்பினால்தான்.

கிளட்சின் கனத்துக்கு அத்தகைய சிறப்புப் பண்பு உண்டா? உண்டு, அதுவும் பலர் கவனிக்காமல் விடுகிற இடத்தில்: லிவரை விடும்போது. ஸ்பிரிங் வலுத்ததால் வரும் கனம், லிவரை இழுக்கும்போது எவ்வளவு எதிர்க்கிறதோ அதற்கேற்ற வேகத்தோடு கையை விரித்துத் திரும்புகிறது. உராய்வினால் வரும் கனமோ இரு திசையிலும் தடையாகவே நிற்கிறது, இழுக்கும்போது 1.37 மடங்கு கேட்ட கேபிள், விடும்போது ஸ்பிரிங்கின் விசையில் நூற்றுக்கு 73 பங்கையே கைக்குத் திருப்பித் தருவதால் லிவர் சோம்பலாக வெளியே வருகிறது. ஹேண்டில்பாரை இடமும் வலமும் முழுக்கத் திருப்பும்போது கனம் மாறினால் தடத்தின் வளைவில் கோளாறு. எந்த நிலையிலும் மாறாமல் நறநறப்பு இருந்தால் துருவோ, அறுந்த இழை உறையைச் சுரண்டுவதோ ஐயத்துக்குரியது. கனம் என்ற பொதுமை இவ்வாறு பிரிந்து, நுரையும் சருகும் கொண்ட வெள்ளமாகிறது.

எனினும் உராய்வு கேபிளில்தான் இருக்கவேண்டும் என்பதில்லை; லிவரின் அச்சாணியிலோ எஞ்சின் பக்கத்து நெம்புகோலிலோ கூட இருக்கலாம். இங்குதான் உடன்பாட்டையும் எதிர்மறையையும் ஒருசேரப் பார்க்கும் முறை, அதாவது அன்வயமும் வெதிரேகமும், தேவைப்படுகிறது: ஒன்று இருக்க மற்றது இருப்பதும், ஒன்று இல்லாதபோது மற்றது இல்லாமற்போவதும். இரு முனைகளையும் கழற்றி, கேபிள் வண்டியில் இருந்த தடத்திலேயே கம்பியைக் கையால் முன்னும் பின்னும் இழுத்தால், தடை மறைந்துவிட்டதெனில் கேடு கேபிளுக்கு வெளியே. தடை நீடிக்க, கேபிளை வெளியே எடுத்து நேராக நீட்டியபின் அது மறைந்தால் கேடு தடத்தில். நேராக இருந்தும் தடை தொடர்ந்தால் கேடு கேபிளின் உள்ளேயே.

அறிவு மெய்யானதா என்பதை அதன்வழி செய்த செயல் பயன் தருவதைக் கொண்டு அறியலாம் என்று வாத்ஸ்யாயனர் கூறுவார். கேபிளைச் செங்குத்தாகப் பிடித்து, மேல்முனையில் மெல்லிய எண்ணெயைச் சொட்டு சொட்டாக விட்டு, கீழ்முனையில் அழுக்கு நீங்கித் தெளிந்த எண்ணெய் வரும்வரை கம்பியை அசைத்தபின் லிவர் இலகுவானால், வறட்சியே காரணம் என்று கொள்வது இயல்பு. ஆயினும் இந்த உரைகல்லை எச்சரிக்கையோடு கையாளவேண்டும். இழை அறுந்த கேபிளும் எண்ணெய் பட்டவுடன் சில நாள் இலகுவாக ஓடும். அதை நம்புபவர் நடுவழியில் நிற்பார். உள்ளே நைலான் போன்ற வழுவழுப்பான குழல் வைத்த கேபிளில் கெட்டியான கிரீஸை அடைத்தால், அது தூசியைப் பிடித்துவைத்து, இன்று மருந்தாகி நாளை நோயாகும். கேபிளை மாற்றி, தடத்தைத் திருத்தி, அச்சாணிக்கு எண்ணெய் இட்டு, பல வண்டிகளுக்கு லிவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் எனக் குறிக்கப்படும் வெற்றசைவையும் ஒரே மூச்சில் சரிசெய்பவர் வண்டியை நலமாக்கிவிடுகிறார், ஆனால் எது நோய் என்பதை அறியும் வாய்ப்பை இழந்துவிடுகிறார். நியாய மரபு உபாதி என்று அழைத்தது, அதாவது குறிக்கும் அதனால் அறியப்படும் பொருளுக்கும் இடையிலான உறவை மறைவில் நின்று ஆக்கித்தரும் மூன்றாவது நிபந்தனை, இத்தகைய அவசரத்தில்தான் தப்பிவிடுகிறது. ஈர விறகு சேர்ந்தால்தான் நெருப்புப் புகையும் என்பது அதற்கு அம்மரபு காட்டும் எடுத்துக்காட்டு.

அறுந்த இழைக்கும் அப்படி ஒரு மூன்றாவது நிபந்தனை உண்டு. கம்பியின் முனையில் உள்ள நிப்பிள் என்னும் சிறு உலோக உருளை, லிவர் சுழலும்போது தன் குழியில் தானும் சுழலவேண்டும். அது வறண்டு இறுகிவிட்டால், சுழற்சிக்குப் பதிலாகக் கம்பி நிப்பிளின் கழுத்தில் ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிர்ந்து, இழை இழையாகச் சோர்ந்து அறுகிறது. கேபிளை மட்டும் மாற்றி நிப்பிளுக்கு ஒரு துளி கிரீஸ் வைக்காதவருக்குப் புதிய கேபிளும் அதே இடத்தில் அறும். பழியைக் கேபிளின் தரத்தின்மேல் போடுவது, அந்த இறுகிய குழியைக் காணாத அனுமானம்.

பூதவாதிக்கு ஒரு நிலம் மிஞ்சுகிறது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். உறைக்குள் முதல் இழை அறும் நேரத்தில் கைக்கு எந்த மாறுதலும் தெரிவதில்லை. குறி தோன்றாத இடத்தில் எச்சம் என்னும் அனுமானம் வாய்திறக்க முடியாது. அங்கு உதவுவது முகில் கண்டு மழை சொல்லும் முதல் வகைதான்: ஓடிய தூரம், பட்ட மழை, நாள்பட்ட வெயில் ஆகிய காரணங்களிலிருந்து வரப்போகும் விளைவைக் கருதுவது. முகில் கலைந்துவிடவும் கூடும் என்பதால் இது எச்சத்தைவிட உறுதி குறைந்தது. நெடுந்தொலைவு செல்பவர்கள் அந்த உறுதிக்குறைவை மறுக்காமலே, ஓடும் கேபிளுக்கு இணையாக மற்றொரு கேபிளையும் அதே தடத்தில் கட்டி எடுத்துச்செல்கிறார்கள், அறுந்தால் இரு முனைகளையும் மாற்றிப் பூட்டினால் போதும்.