கடைசியாகத் தொட்ட கை



தன் காரை வீட்டிலேயே பழுது பார்த்த ஒருவன், பின்பு அதில் ஏதேனும் குறை கண்டால், முதலாவது எதைச் சந்தேகிக்க வேண்டும்? சிறிய கேள்விதான். ஆயினும் இதற்கு நேர்மையாய் மறுமொழி சொல்லுகிறவர்கள் சிலரே. பெட்ரோலைக் குறை சொல்வார்கள், வண்டி பழையதென்பார்கள், நேற்று ஓட்டிய மகனைக் கடிந்துகொள்வார்கள். தங்கள் கையை மட்டும் சந்தேகிக்கமாட்டார்கள்.

ஓர் உதாரணத்தால் இதை விளக்குவோம். மாருதி 800 என்னும் காரை எல்லாரும் அறிவீர்கள். 1983-ம் ஆண்டு முதல் 2014-ம் ஆண்டு வரை நம் நாட்டில் செய்யப்பட்டது. அதன் கிளச் கேபிளினால் இயங்குவது. பெடலை மிதித்தால் கேபிள் ஒரு நெம்புகோலை இழுக்கும், அதனால் பேரிங் நகர்ந்து ஸ்பிரிங்கை அழுத்தும், பிளேட் விடுபடும், இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் உள்ள தொடர்பு அறும். கேபிளின் முனையில் ஒரு நட் உண்டு. அதை இறுக்கினால் கேபிள் இழுபடும்; தளர்த்தினால் தொய்யும்.

பெடலை மிதிக்கத் தொடங்கும்போது அது சிறிது தூரம் பாரமின்றி இறங்கவேண்டும். இதை மெக்கானிக்குகள் ‘பிளே’ என்பார்கள். இத்தகைய கார்களில் அது ஏறக்குறைய 15 முதல் 25 மில்லிமீட்டர் வரை இருக்கும். சரியான அளவை அந்தந்தக் காரின் கையேட்டில் பார்த்துக்கொள்க. பிளே மிஞ்சினால் கிளச் முழுதும் விடுபடாது. ரிவர்ஸ் கியர் போடும்போது கரகரவென்று பற்கள் உரசும். பிளே இல்லாமற்போனால் கிளச் முழுதும் பிடிக்காது. இன்ஜின் இரையும், வண்டி ஓடாது, பிளேட் கருகி நாறும்.

இப்போது ஒரு குடும்பத் தலைவரை நினைத்துக்கொள்ளுங்கள். கியர் உரசுகிறதென்று அவர் ஸ்பேனரை எடுத்து நட்டை இறுக்குகிறார். சத்தம் நின்றுவிடுகிறது. இன்னும் நன்றாயிருக்கட்டும் என்று மேலும் இரண்டு சுற்று இறுக்குகிறார். பிளே அற்றுப்போகிறது. ஆனால் அன்றைக்கு ஒரு தீங்கும் தெரியவில்லை. கியர் முன்னிலும் இலகுவாய் விழுகிறது! சில வாரங்களுக்குப் பின், பிள்ளைகுட்டிகளோடு மலைப்பாதையில் ஏறும்போது, இன்ஜின் அலறுகிறது, கார் ஏறவில்லை, பின்னால் பஸ் வந்து நிற்கிறது. அப்போதும் அவர், “பாரம் அதிகம்” என்கிறார். தாம் செய்த வேலை நன்றாய் முடிந்ததென்று அவர் மனம் முன்னமே தீர்ப்பெழுதிவிட்டது. தன் வழக்கில் தானே நீதிபதியாயிருப்பவன் சாட்சிகளை விசாரிப்பதில்லை.

இங்கே சிலர் ஆட்சேபம் சொல்லக்கூடும். “என் கார், என் கை, இதில் பிறருக்கு என்ன?” என்பது முதலாவது ஆட்சேபம். கார் உம்முடையது, மெய்தான். உள்ளே உட்கார்ந்திருக்கும் குழந்தையின் உயிர் உம்முடையதல்லவே, ரோடும் உம்முடையதல்லவே.

“தெரியாமல் செய்தேன், தெரியாமை குற்றமாகுமா?” என்பது இரண்டாவது. அரிஸ்டாட்டில் என்னும் கிரேக்க ஞானி தம் நீதி நூலின் மூன்றாம் புத்தகத்தில் இதை ஆராய்கிறார். குடித்துவிட்டுக் குற்றஞ்செய்தவனுக்கு இரட்டிப்புத் தண்டனை விதிப்பதுண்டு என்று காட்டி, அவனுடைய அறியாமைக்கு அவனே காரணம் என்கிறார். கவனக்குறைவால் அறியாதிருப்பவனையும் அவ்வாறே எண்ணுகிறார். அறிந்துகொள்ளக் கூடியதை அறிய முயலாதவன், “அறியேன்” என்று சொல்லித் தப்ப முடியாது. பிளேயை அளக்க ஒரு பள்ளிக்கூட ஸ்கேல் போதுமல்லவா?

“அப்படியானால் ஒருவனும் தன் வண்டியைத் தொடலாகாதோ?” என்பது மூன்றாவது. அப்படியன்று. வருவாய் சுருங்கிய குடும்பத்தில் தன் கையால் வேலை செய்து செலவைக் குறைப்பது மெச்சத்தக்கதே. ஆனால் அந்த உரிமையோடு மூன்று கடமைகள் சேர்ந்தே வருகின்றன.

முதலாவது, திரும்பிவர வழி வைத்துக்கொள்ளவேண்டும். நட்டைத் தொடுமுன் அது இருந்த இடத்தில் ஓர் அடையாளம் இடுங்கள். எத்தனை சுற்று திருகினீர்கள் என்று எண்ணி எழுதிவையுங்கள்.

இரண்டாவது, ஒருவரையும் ஏற்றுமுன் சோதிக்கவேண்டும். இன்ஜினை நிறுத்திப் பெடலைக் கையால் அழுத்திப் பிளேயை அளந்து பாருங்கள். பின்பு சமதரையில், முன்னும் பின்னும் ஆளில்லாதபோது, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இன்ஜினை ஓடவிட்டு, பெடலை முழுதும் மிதித்து ரிவர்ஸ் கியர் போட்டுப் பாருங்கள், உரசலின்றி விழவேண்டும். குறை கண்டால் கடைசியாகத் தொட்ட இடத்தையே முதலாவது பாருங்கள். பிளே சரியாயிருந்தும் கிளச் வழுக்குமானால் பெரும்பாலும் பிளேட் தேய்ந்திருக்கும். கேபிளில் இழை பிரிந்திருந்தால் அதை மாற்றவேண்டும். நட்டைத் திருகி இவற்றை மூடி மறைக்கலாகாது.

மூன்றாவது கடமைதான் மகா கடினம்: உள்ளதைச் சொல்லவேண்டும். மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோய், “நான் ஒன்றும் தொடவில்லை” என்கிறவர்கள் உண்டு. அவர் பாவம், இல்லாத குறையைத் தேடிக் கியர் பாக்ஸை இறக்குவார். கூலியோ உங்கள் வீட்டுப் பணம். மைத்துனருக்கு வண்டியை இரவல் கொடுக்கும்போதும், பிறருக்கு விற்கும்போதும் இதைச் சொல்லாமல் விடுவது இன்னும் பொல்லாதது. ஸ்பேனர் பிடித்த கைக்கு நேர்ந்த தவறு வெறும் பிசகு; அதை மறைக்கும் நாவுக்கோ அது அநீதியாய்விடுகிறது.

தகப்பன்மாரே, “இதை நான்தான் திருகினேன், என்னால் கெட்டிருக்கலாம்” என்று பிள்ளைகள் கேட்கச் சொல்லத் தயங்காதீர்கள். அதனால் உங்கள் மதிப்புக் குறையாது. நாளைக்குத் தன் தவறை ஒளிக்காமல் உங்களிடம் வந்து சொல்ல உங்கள் பிள்ளைக்கும் தைரியம் பிறக்கும்.