கொடையும் விலையும்

ஒருவன் பிறனுக்குப் பொருளளித்த அளவானே அது கொடை யென்னும் பெயர் பெறாது. கைம்மாறு கருதி அளிப்பது குறியெதிர்ப்பையின் பாற்படும். அஞ்சி அளிப்பது திறையாம். கொண்டதற்கு ஈடாக அளிப்பது விலையாம். இவற்றின் புறத்தோற்றம் ஒன்றேயாதலின் ஏற்போர் மயங்குதல் எளிது. அம்மயக்கம் ஓர் ஊரையே பற்றுமாயின் விளைவது யாதென்பது ஈண்டு ஆராயற்பாலது.

அமெரிக்க நாட்டு ஒரிகன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில், தி டால்ஸ் என்னும் சிறுநகரம் உளது. மக்கள் ஏறத்தாழ 16,000 பேர். அலுமினியம் உருக்கும் ஆலை மூடப்பட்டுத் தொழில் குன்றிய அவ்வூரில் 2006-ஆம் ஆண்டு கூகிள் நிறுவனம் தன் தரவு மையத்தைத் திறந்தது. தரவு மையமாவது, உலகத்தார் தேடுவனவும் எழுதுவனவுமாகிய செய்திகளைத் தாங்கி நிற்கும் கணிப்பொறிகள் நிரம்பிய பெருங்கூடம். அப்பொறிகள் ஓயாது இயங்கி வெப்பமுறுதலின், குளிர்வித்தற்கு நீர் மிக வேண்டும். அந்நீரிற் பெரும்பகுதி ஆவியாய்க் கழியும்.

அந்நிறுவனம் அவ்வட்டாரத்துப் பள்ளிகட்கும் பொதுநல அமைப்புகட்கும் நன்கொடை வழங்கியது. பெரிய வரிவிலக்கும் பெற்றது. விலக்கிற்கு ஈடாக ஒப்பந்தப்படி ஒரு தொகை செலுத்தியதும் உண்மையே. அது விலையென்றே பெயரிடப்பட்ட விலையாதலின் குற்றமின்று. வரியாக வரற்பாலது நீங்க, அதனினும் சிறியதொரு கூறு நன்கொடை யென்னும் பெயரோடு வருமாயின், ஊரார் தமக்கு வரற்பாலதாய பொருளுக்கே நன்றி கூறுவோராவர் அல்லரோ?

2021-இல் ஒரு செய்தித்தாள், அம்மையம் கொள்ளும் நீரின் அளவை வினவிற்று. அது வணிக மறை யென்று நகராட்சி மறுத்தது. வெளியிடுக என மாவட்ட அரசு வழக்கறிஞர் பணித்த பின்னரும், செய்தித்தாளின் மீதே வழக்குத் தொடுத்தது. 2022 டிசம்பரில் வழக்கைக் கைவிட்டுக் கணக்கை வெளியிட்டது. 2021-இல் மையம் கொண்ட நீர் 35 கோடி காலனுக்கு மேல். ஊர் முழுதும் பயன்கொண்ட நீரில் நாலில் ஒரு கூற்றினும் மிக்கது.

அற்றேல், நலிந்த ஊர் கொடுப்போன் உள்ளத்தை ஆராய்ந்து கொண்டிருத்தல் இயலுமோ? பள்ளிப் பிள்ளைக்கு உதவி கிட்டுதல் நன்றன்றோ எனின், நன்றே. கொடுப்போன் உள்ளம் இறைவன் ஒருவனுக்கே வெளியாம். ஏற்ற பின்னரும் வினவுதற்குத் தமக்கு நா எழுகின்றதா என்பது மட்டும் ஏற்போர் அறியற்பாலது. ஊர்மன்றம் தன் குடிகளிடத்தே தம் நீரின் கணக்கை மறைத்தற்கு நன்கொடையே காரணமெனத் துணிதற்குச் சான்றில்லை. ஆயினும், நீர் யாருடையதோ அவரிடத்தே மறைத்தல் முறையாகாது. தமிழ்நாட்டுக் கோயிற் கல்வெட்டுக்களிலே, நந்தாவிளக்கிற்கு விட்ட ஆடு இத்துணை, நாடோறும் அளக்கும் நெய் இத்துணை யெனக் கொடுத்தோர் பொருளும் ஏற்றோர் கடமையும் ஒருங்கே பொறிக்கப்பட்டிருத்தலைக் காண்க. சுவரிற் பொறித்ததை யாரும் படிக்கலாம்.

இனி, ஆற்றின் நீர் இன்றுள்ளார்க்கு மட்டும் உரியதன்று. பின் பிறக்கும் மக்கட்கும், அந்நீரில் ஏறிவரும் சால்மன் மீன்கட்கும் உரியது. அவர் சார்பில் நன்கொடை ஏற்றுக் கையொப்பமிடும் உரிமை எம்மன்றத்திற்கும் இல்லை.

தன் அமெரிக்க மையங்கள் கொள்ளும் நீரின் அளவை 2022 நவம்பரில் அந்நிறுவனமே இடவாரியாக வெளியிட்டது. ஓராண்டிற்கு மேலாக ஓர் ஊர் வழக்காடிக் காத்த மறை அதுவே.