முகம் தெரியாத வியாபாரமும் மறுமைக் கணக்கும்

 

ரமலானின் கடைசிப் பத்தில் இருக்கிறோம். தராவீஹ் முடிந்து வீட்டுக்குப் போனதும் பலருடைய கை செல்போனுக்குத்தான் போகிறது. பெருநாள் துணி, செருப்பு, அத்தர் எல்லாம் அதில்தான். பிள்ளைகளுக்குப் புத்தாடை எடுப்பது நல்ல காரியம். அதைக் குறை சொல்ல வரவில்லை. அந்த வியாபாரத்தில் நடக்கும் ஏமாற்றைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாய் கண்ணீரோடு வந்தார். இன்ஸ்டாகிராமில் பாதி விலைக்கு உடை என்று பார்த்து, மூன்று பிள்ளைகளுக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த 3,200 ரூபாயை முன்கூட்டியே அனுப்பிவிட்டார். மறுநாள் அந்தப் பக்கமே இல்லை. பெருநாளன்று அந்தப் பிள்ளைகள் பழைய சட்டையோடு தொழுகைக்கு வந்தார்கள்.

பெருநாள் கழிந்து ஒரு வாரத்தில் ஒரு வாலிபர் வந்தார். ஆன்லைனில் வாங்கிய ஜிப்பாவை, விலை அட்டையைப் பிய்க்காமல் பெருநாள் முழுக்க உடுத்திவிட்டு, அளவு சரியில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிப் பணத்தை வாங்கிவிட்டாராம். "ஹஜ்ரத், அது பெரிய கம்பெனி. அவங்களுக்கு இதெல்லாம் ஒரு நஷ்டமா?" என்று கேட்டார்.

சிந்தித்துப் பாருங்கள்! அந்தத் தாயை ஏமாற்றியவனும் ஏறத்தாழ இப்படித்தானே நினைத்திருப்பான்? 'யாரோ ஒருத்தி, எங்கோ இருக்கிறாள்.' எதிரே நின்று அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருந்தால் அவனுக்கே கை நடுங்கியிருக்கும். முகம் தெரியாதபோது பாவம் இலேசாகத் தெரிகிறது.

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கடுமையாக எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி இது. அந்த வியாபாரி வாயால் பொய் சொல்லவில்லை, மறைத்தார். அவ்வளவுதான்!

இன்று செல்போன் திரைக்குள் நாம் கையை விட்டுப் பார்க்க முடியாது. ஆகவே விற்பவரின் அமானிதம்தான் எல்லாம். வீட்டிலிருந்தே வாட்ஸ்அப்பில் அபாயா விற்கும் சகோதரிகளே! வேறு யாருடைய படத்தையோ போட்டு வேறு துணியை அனுப்பாதீர்கள். சாயம் போகுமென்றால் முன்பே சொல்லுங்கள். வாங்குபவர்களே! உடுத்தியதை உடுத்தவில்லை என்று திருப்புவதும் ஈரத்தை மறைப்பதுதான். பெரிய கம்பெனி என்கிறோம்; அதன் வழியாகப் பொருளை விற்பவர் பெரும்பாலும் ஒரு சிறு வியாபாரி.

உமர் (ரலி) அவர்கள் இரவில் நகர்வலம் வந்தபோது, பாலில் தண்ணீர் கலக்கச் சொன்ன தாயிடம், 'உமர் பார்க்காவிட்டாலும் உமருடைய இறைவன் பார்க்கிறானே' என்ற கருத்தில் மகள் பதில் சொன்னதாக வரலாற்றில் படிக்கிறோம். ஆன்லைன் வியாபாரத்துக்கு இதைவிடப் பெரிய சட்டம் எது?

ஏமாந்தவர் பாவி அல்லர். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். கட்டுவது எப்படி? விற்பவரின் பெயர், முகவரி, பொருளைத் திருப்பும் விதி மூன்றும் இல்லாத இடத்தில் பணம் கட்டாதீர்கள். அறியாத இடமென்றால் பொருள் கைக்கு வந்தபின் பணம் கொடுங்கள். பணம் நமக்கு வருவதற்கு யூபிஐ பின் நம்பர் தேவையே இல்லை. பழைய சாமானை விற்கும்போது வாங்குகிறவர் அதைப் போடச் சொன்னால் அவர் திருடர். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள். 'ரமலான் பரிசு' என்று வரும் லிங்கை விசாரிக்காமல் குரூப்பில் அனுப்பாதீர்கள். அதில் ஏமாறுபவரின் கண்ணீரில் நமக்கும் பங்கு வந்துவிடும்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்கும் உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் கைமாறுவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. அந்தத் தாய் வெட்கத்தில் நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வாலிபரிடம், "தம்பி, தவ்பா மட்டும் போதாது. அடியானின் ஹக்கு அது. பணத்தை உரியவரிடம் சேர்க்க வழி தேடுங்கள்" என்றேன். தொழுகை, நோன்பு, ஜகாத்தோடு மறுமைக்கு வந்து, பிறர் பொருளை அநியாயமாகத் தின்றதால் எல்லா நன்மைகளையும் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பவரைத்தான் நபி (ஸல்) அவர்கள் திவாலானவர் என்றார்கள். முப்பது நோன்பை ஒரு ஜிப்பாவுக்கு விற்றுவிடலாமா?

விற்பதிலும் வாங்குவதிலும் நேர்மையையும், நம் பெருநாளில் பரக்கத்தையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.