குடித்தவர் கடன்

திண்டுக்கல் கோட்டை மாரியம்மனுக்கு மாசியில் திருவிழா. பூச்சொரிதல், கொடியேற்றம், பூக்குழி என்று ஊரே மஞ்சளாகிக் கிடக்கும் அதே நாட்களில் சிறுமலையில் சருகு காய்ந்து நொறுங்கும். சில வருடம் பூக்குழி பார்த்துவிட்டு வந்து மொட்டைமாடிக்கு ஏறினால் மலைச்சரிவில் சிவப்பாக ஒரு கோடு நெளிந்துகொண்டிருக்கும். இங்கே தீ வேண்டுதல், அங்கே அழிவு. இரண்டையும் அம்மன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள் என்று நம்புகிறவள் நான். நம்புவதால்தான் கேட்கிறேன்: மலை எரிந்தால் அதற்குக் கழுவாய் செய்ய வேண்டியவர் யார்?

“வச்சவன் தலையில விடியட்டும்மா” என்பார் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் வைத்தவன் யார்? அணைக்காமல் போட்ட பீடித்துண்டா, புதுப்புல் முளைக்கட்டும் என்று கொளுத்திய ஆளா, சமைத்துச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிய சுற்றுலாக் கூட்டமா? பெரும்பாலும் தெரிவதே இல்லை. 2018 மார்ச் 11-ல் தேனிப் பக்கம் குரங்கணி மலையில் சூழ்ந்த தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது. 2024 கோடையில் கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் நாள்கணக்கில் எரிந்தது. செய்தவன் அகப்பட்டால் தண்டனை கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். அந்தத் தண்டனையால் ஓடையில் ஒரு சொட்டு ஊறாது.

நம் மாவட்டத்திலேயே, பழனிக்குப் பக்கத்தில் ஐவர்மலை இருக்கிறது. பாறையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே தவமிருந்த சமணர்கள் இம்சைக்கு வேராகச் சொன்னது கவனமின்மையை. கொல்ல வேண்டும் என்ற எண்ணம் இல்லாவிட்டாலும், அசட்டையாக இருந்ததே வினையாக ஒட்டும். காட்டுத்தீக்கு இதைவிடப் பொருந்தும் சிந்தனை எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் எனக்கு அது போதவில்லை. நான் பீடி குடிப்பதில்லை, மலையில் அடுப்பு மூட்டியதில்லை. அப்படியானால் எரிந்த மலைக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று கையைத் துடைத்துக்கொள்ளலாமா?

ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது, முன்னோருக்கு நான் என்ன தீங்கு செய்தேன் என்று யாரும் கேட்பதில்லை. அவர்களிடமிருந்து உயிரையும் உடம்பையும் வாங்கியிருக்கிறோம், அதனால் இறைக்கிறோம். பாவம் செய்தவரைச் சேரும், கடன் பெற்றவரைச் சேரும். எரிந்த மலையை நாம் பாவக் கணக்கிலேயே வைத்துப் பேசுவதால்தான் ஆளைத் தேடுவதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கடன் கணக்கில் வைத்தால் ஆளைத் தேட வேண்டியதே இல்லை. குழாயைத் திறந்தால் போதும். ஆத்தூர் காமராஜர் அணைக்கு வருவது கீழ்ப்பழனி மலை ஓடைகளின் தண்ணீர். குரங்கணிப் பக்கத்துக் கொட்டகுடி ஆறு வைகையில் சேர்கிறது, வைகைத் தண்ணீர் பேரணை வழியாக நம் ஊருக்கும் வருகிறது. சந்தனவர்த்தினி சிறுமலையில் பிறந்து குடகனாற்றில் கலக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவால் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போன ஊர் இது. மலையிலிருந்து வரும் தண்ணீரின் அருமையை நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

எரிந்த சரிவு ஒன்றைப் பார்க்க, சிறுமலையில் மலைவாழை போட்டிருக்கும் தம்பி ஒருவர் அழைத்துப் போனார். செருப்புக்கடியில் சாம்பல் புசுபுசுவென்று அமுங்கியது. அவர் பாட்டில் தண்ணீரைச் சாம்பல் விலக்கிய மண்ணில் கொஞ்சம் ஊற்றினார். மண் குடிக்கவில்லை. சேம்பிலையில் விட்டதுபோல் உருண்டு உருண்டு நின்று, பிறகு சரிவில் ஓடிவிட்டது. சருகு எரியும்போது அதிலிருக்கும் மெழுகுச்சத்து ஆவியாகி, கீழ்மண்ணில் படிந்துவிடுகிறதாம். “மொத மழை உள்ள எறங்காதுக்கா. சாம்பலையும் மேல்மண்ணையும் வாரிக்கிட்டுப் போயி ஓடையில கொட்டிரும்” என்றார். மலை எரிந்த வருடம் கண்மாயில் வண்டல் ஏறுவது ஏன் என்று அந்த ஒரு மடக்குத் தண்ணீரில் புரிந்தது.

அந்தச் சரிவிலேயே கருகிய வெக்காலிக் கட்டையின் அடியில் செம்பச்சையாகத் துளிர் வந்திருந்தது. அதற்கு நாம் ஒன்றும் செய்ய வேண்டாம். ஆடுமாடு வாய் வைக்காமல் சில மழைக்காலம் விட்டால் போதும். ஆனால் உண்ணிச்செடி அதைவிட வேகமாகத் தூரிலிருந்து கிளம்பும், அடுத்த தீக்கு அதுவே விறகாகும். அதை வேரோடு எடுக்க வேண்டும். சரிவுக்குக் குறுக்கே கல்லடுக்கி ஓடும் மண்ணை நிறுத்த வேண்டும். முதுகு ஒடியும் வேலை. நாமோ வண்டி கட்டிக்கொண்டு போய் விதைப்பந்து எறிந்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறோம். முளைப்பாரி போடுகிற வீட்டுப் பெண்களைக் கேட்டால் தெரியும்: விதையைத் தூவிவிட்டு யாரும் போய்விடுவதில்லை. எரு போட்டு, இருட்டறையில் வைத்து, வேளை தவறாமல் தண்ணீர் தெளித்து, விரதம் இருந்து காப்பார்கள். காப்பதுதான் அங்கே வழிபாடு.

தீ பிடித்தால் பச்சைக்கிளையை ஒடித்துக்கொண்டு முதலில் ஓடுகிறவர்கள் மலையில் வாழும் பளியர் பழங்குடிகளும் தீத்தடுப்புக் காவலர்களும். கூலிக்குத்தானே செய்கிறார்கள் என்று சொல்வது எனக்குக் கூசுகிறது. நம் கடனை அவர்கள் உடம்பால் அடைக்கிறார்கள். அன்னதானத்துக்கு அரிசி மூட்டை எழுதிக் கொடுக்கிற நாம், அவர்களில் ஒருவருடைய ஒரு மாதச் சம்பளத்தையும் கல்லடுக்கும் கூலியையும் வேண்டுதலாக எழுதிக்கொடுக்கக் கூடாதா? பூக்குழி இறங்கக் காப்புக் கட்டுகிறவர்கள், விரத நாட்களில் ஒரு நாளை வனத்துறையிடம் கேட்டுத் தீத்தடுப்புக் கோடு வெட்டக் கொடுத்தால் அம்மன் ஏற்க மாட்டாளா? ஏற்பாள் என்றே நினைக்கிறேன். கோயிலில் கேட்டும் பார்த்தேன். “நல்ல யோசனைதான், அடுத்த வருஷம் பார்ப்போம்” என்றார்கள். மாசி பிறந்த பிறகு பார்த்தால் நேரமிருக்காது. தை முடிவதற்குள் கோடு வெட்டியாக வேண்டும்.